நீலத்தாளில் ஓர் ஓட்டை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பிரிக்காமலே டிராயருக்குள் தள்ளிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உறையில் மூன்று தபால்தலை ஒட்டியிருக்கிறேன். பறவை ஒன்று, கலங்கரை விளக்கம் ஒன்று, பழைய ரயில் என்ஜின் ஒன்று. கட்டணத்துக்கு ஒன்றே போதும். மற்ற இரண்டும் உனக்கு வைத்த தூண்டில். கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டால் நீ சும்மா இருக்க மாட்டாய். தலையை வெட்டப் போய் உறையைப் பிரிப்பாய், பிரித்தபின் படிக்காமல் இருக்க உன்னால் முடியாது.

நான் படுத்த படுக்கை. பதறாதே, கால்தான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது ஏணி வழுக்கியது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. நான் குடியிருப்பது நாலாவது மாடி. இந்தக் கட்டடத்து லிஃப்ட் மழைக்காலத்திலிருந்து ஓடவில்லை. அதை ரிப்பேர் செய்ய வேண்டிய ஆள் நான்தான். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

கூட வேலை செய்யும் வெல்டர் தினமும் படியேறி வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறான். மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பொழுது போகாமல்தான் நீ அனுப்பிய பார்சலைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பிரித்தேன். நம் ஆல்பம்! முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘உலகத் தபாள்தலைகள்’ என்று இருக்கிறது. அந்த ‘ள்’ளைச் சுழித்துவிட்டு, பக்கத்தில் ‘மக்கு’ என்று எழுதியிருப்பது நீ.

வெல்டரை அனுப்பி ஓர் இடுக்கியும் பூதக்கண்ணாடியும் ‘தொடக்க நிலையினருக்கு’ என்று போட்ட சின்னப் புத்தகமும் வாங்கிவரச் சொன்னேன். தலையில் நரை வந்தபின் நான் தொடக்க நிலை. அந்தப் புத்தகத்தைப் படித்தால் நம் இருவரையும் பிடித்து உள்ளே போட வேண்டும். தபால்தலையை விரலால் தொடக்கூடாதாம். கோந்து போட்டு ஒட்டவே கூடாதாம். நான் அத்தனையையும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். ஓரத்துப் பற்களில் ஒன்று போனாலும் மதிப்பு போச்சாம். பிசிறாக இருக்கிறது என்று நீ உட்கார்ந்து எல்லாப் பற்களையும் நேராக வெட்டித் தள்ளினாயே! அந்தப் பாவத்துக்குத்தான் இன்று ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் பல் டாக்டருக்கு வரும் தபாலில் இருந்து பழைய தலைகள் கொஞ்சம் அனுப்ப முடியுமா?

இன்னொன்று. கட்டுப் பிரித்ததும் கொஞ்ச நாள் ஓய்வு தருகிறார்கள். அங்கே வந்து உன்னோடு இருக்கட்டுமா?

உன்,
கோந்து

* * *

ஜனவரி 24

கடிதம் வந்தது. பிரித்தேன். தலைக்காக இல்லை. இரண்டு வருஷமாக எழுதாதவன் எழுதினால் என்னமோ ஏதோ என்று பயம் வராதா? கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னதை மட்டும் கேள், வெல்டர் சொல்வதைக் கேட்காதே.

பார்சலை இப்போதுதான் பிரித்தாய் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறாய்! அம்மா போனபிறகு அந்த வீட்டை நான் ஒருத்தியாகக் காலி செய்தேன். எதை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. உனக்கென்று ஒன்றே ஒன்றைத் துணி சுற்றி, தைத்து அனுப்பினேன். அது கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

டாக்டருக்கு வரும் தலைகளை அவர் மனைவி சேர்க்கிறார். ஊறவைக்கிற வேலை என் தலையில். அதனால் உனக்குத் தர முடியாது. ஆனால் நீ ஏதாவது கோணலாகச் செய்து வைப்பாய் என்பதால் சொல்கிறேன். உறையிலிருந்து தலையைப் பிய்க்காதே. சுற்றிலும் ஒரு விரல் அகலம் தாளோடு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடு. கொதிநீர் கூடாது. தானாகக் கழன்று வரும். வந்ததும் இடுக்கியால் எடுத்து, பழைய துணிமேல் கவிழ்த்துக் காயவை. முக்கால்வாசி காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குள் வை. இல்லாவிட்டால் சுருண்டுபோகும். பல்லைப் பற்றி நீ பேச வேண்டாம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அக்கா

* * *

பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது, ஆனால் தலையில்லாமல் வந்தது! உறையில் ஆபீஸ் மெஷின் குத்திய சிவப்பு முத்திரை. டாக்டர் ஆபீஸ் உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாய். தபால்தலை சேர்க்கிறேன் என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னபிறகு இப்படிச் செய்ய உன்னால்தான் முடியும். வெல்டரிடம் காட்டினேன். “உங்கக்கா ரொம்பக் கோவக்காரங்கண்ணே” என்றான்.

கோபம் உனக்கு மட்டும்தானா? அம்மா போன செய்தி எனக்கு எப்போது வந்தது? எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் மூன்று மாதம் படுத்திருந்தாள் என்பதே உன் வாயிலிருந்து போனில் தவறி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? அதைக் கேட்டதற்கு, “வராதவனுக்குப் பேச்சு எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அந்த வார்த்தையைக் கேட்டபின் உன் பார்சலைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

போகட்டும். உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் நீலத்தாள்கள் நினைவிருக்கிறதா? உறையே கிடையாது. தலை அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும், உள்ளே எழுதி மடித்து ஒட்டினால் அதுவே கடிதம். அதிலிருந்தும் நாம் தலையை வெட்டி எடுத்தோமே. புத்தகத்தில் போட்டிருக்கிறான், அச்சடித்த தாளை வெட்டவே கூடாது, முழுசாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. நமக்கு யார் சொன்னார்கள்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு அப்பா அங்கே இருந்தார், அவர் கடிதம் வந்த அன்றே நாம் இங்கே அதில் சதுரமாக ஓட்டை போட்டோம்.

சாயந்தரம் அம்மா தையல் மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்து நமக்குப் படிப்பாளே. ஓட்டை வரும் இடத்தில் நிறுத்துவாள். நாம் இருவரும் “ஓட்டை!” என்று கத்துவோம். தாளைத் தூக்கி அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணால் நம்மைப் பார்ப்பாள். நம்மைவிட முன்னாலேயே ஒரு தடவை படித்துவிட்டதால், அங்கே என்ன இருந்தது என்று நினைவிலிருந்து சொல்வாள். “என் செல்லங்களை நெனச்சா ராத்திரி தூக்கம் வரல”, “பெரியவ என் வலது கை, சின்னவன் இடது கை”. எவ்வளவு வார்த்தைகள்! அப்பா வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். கடிதத்தில் மட்டும் கொட்டுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நேற்று ஆல்பத்தைப் புரட்டும்போது அந்த நீலச் சதுரங்களில் ஒன்று தானாகக் கழன்று மடியில் விழுந்தது. திருப்பினால் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து! அந்தச் சாய்ந்த எழுத்தேதான். மூன்று வரிகளின் தொடக்கம்:

பூட்டுக்கு எண்ணெய்
மாதம் ஒரு முறை
குடையை

இவ்வளவுதான். மிச்சம் உன்னிடம் இருக்கிறது. அம்மாவின் பெட்டியில் அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றனவா? இந்த வார்த்தைகள் எந்த ஓட்டைக்குப் பொருந்துகின்றன, பார். மற்ற சதுரங்களும் கோந்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எல்லாவற்றையும் எடுக்கப் போகிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வரட்டுமா?

கோந்து

* * *

பிப்ரவரி 20

தம்பி,

தண்ணீரில் போடாதே! நான் சொன்னது உறையில் ஒட்டிய தலைகளுக்கு. அவற்றின் பின்னால் எழுத்து கிடையாது. அப்பா மைப்பேனாவில் எழுதியிருக்கிறார். தண்ணீர் பட்டால் போச்சு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எத்தனையோ ஞாயிறு போய்விடும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். உன் கட்டடத்துக்குப் போன் போட்டால் கீழே இருக்கிறவர் எடுத்து, நாலாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை என்று வைத்துவிட்டார்.

கோந்தை நீ நாலு மூலையில் புள்ளியாகத்தான் வைப்பாய். புட்டியைச் சீக்கிரம் காலி செய்கிறாய் என்று அம்மா திட்டுவாள். அதனால் நடுவில் ஒட்டியிருக்காது. சவர பிளேடை மூலையில் மெல்ல நுழைத்துத் தூக்கு. அவசரப்படாதே.

அக்கா

* * *

மார்ச் 6

அக்கா,

ஒன்று போய்விட்டது.

நல்ல வேளையாக ஒன்றைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். தட்டில் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இளநீலமாக மாறியது. என்னவென்று புரிவதற்குள் எடுத்துத் திருப்பினால் வெறும் தாள். ஒரு கோடுகூட இல்லை. அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. தட்டை ஜன்னல் ஓரத்திலேயே வைத்திருந்தேன். வெல்டர் வந்து, “என்னண்ணே, பாத்திரம் கழுவலையா?” என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்க்காதமாதிரி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மற்றவற்றைப் பிளேடால் எடுத்துவிட்டேன். தினமும் ஆளைத் தூக்கும் பெட்டிகளோடு மாரடிக்கிறவனுக்கு ஒரு சதுரத் தாளைத் தூக்க ஒரு காலைப்பொழுது முழுசும் ஆனது. பின்னால் இருப்பதையெல்லாம் அப்படியே தனித்தாளில் எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். எதிலும் செல்லமும் இல்லை, தூக்கமும் இல்லை. ‘சம்பளம் இன்னும்’, ‘தொட்டியை மூடி’, ‘இருமல் மருந்து’ என்றுதான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ கடிதங்களை எடுத்துப் பார்த்தாயா?

தண்ணீரில் போனது எந்தக் கடிதத்துடையது என்று உன்னால்தான் சொல்ல முடியும். முன்பக்கம் கப்பல் படம். அதில் ஏதாவது பெரிய விஷயம் இருந்திருந்தால் என்னை மன்னிக்கவே மாட்டாய், அது எனக்குத் தெரியும்.

கோந்து

* * *

மார்ச் 23

அன்புள்ள கோந்து,

மூன்று நாளாக இதே வேலைதான். பல் பட்டறையிலிருந்து வந்ததும் மேசையைத் துடைத்து, கடிதங்களைப் பரப்பி, ஒவ்வோர் ஓட்டைக்கும் நீ அனுப்பிய வார்த்தைகளைப் பொருத்திப் பார்த்தேன். பிளாஸ்டர் அச்சில் பல்லைப் பொருத்துகிற மாதிரியே இருந்தது. சரியான இடத்துக்கு வந்தால் ‘டக்’கென்று உட்கார்ந்துகொள்கிறது.

உனக்குப் புரியவில்லை என்றாய். எனக்கும் முதல் நாள் புரியவில்லை. “என் செல்லங்களை நெனச்சா ராத்திரி தூக்கம் வரல” என்று அம்மா படித்த கடிதத்தில் உண்மையில் இருந்தது இது: ‘பூட்டுக்கு எண்ணெய் போடவும். மாதம் ஒரு முறை போட்டால் போதும். குடையை மறக்காமல் ரிப்பேருக்குக் கொடு.’ வலது கை, இடது கை என்று சொன்ன இடத்தில் தொட்டியை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார். நாம் கேட்டு வளர்ந்த ஒரு வார்த்தைகூட அப்பா எழுதியது இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாமேலா, அம்மாமேலா என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷமாக இல்லாத ஒரு அப்பாவை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேனே என்று. அப்புறம் நினைவுக்கு வந்தது. கடிதம் வந்தால் அம்மா முதலில் தனியாகப் படிப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. படித்து முடித்ததும், “இந்தாங்க, தலை வேணும்னீங்களே, வெட்டிக்கோங்க” என்று தையல் கத்தரிக்கோலைத் தானே எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கத்தரிக்கோலை வேறு எதற்குக் கேட்டாலும் கையில் ஒன்று போடுவாள். தாளை வெட்டினால் முனை மழுங்கும் என்பாள். இதற்கு மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அப்போது நாம் யோசித்தோமா?

அவளுக்கு அந்த ஓட்டை வேண்டியிருந்திருக்கிறது.

இதை எழுதும்போது அழுகிறேன். எழுத்து கலைந்திருந்தால் காரணம் அதுதான்.

கப்பல் படம் போட்டது அப்பாவின் கடைசிக் கடிதம். அவர் வந்து சேர்வதற்கு முன்னால் வந்தது. அதில் அம்மா படித்தது உனக்கே தெரியும். “இந்தத் தடவை வந்தா திரும்பிப் போக மாட்டேன்.” அவர் வந்தார், படுத்தார், துறைமுகத்துக்குத் திரும்பாமலே கண்ணை மூடினார். அந்த வாக்கியம் அவருடையதா, அவளுடையதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீ தட்டில் போட்ட தண்ணீரோடு போய்விட்டது. உன்னை மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். எனக்கோ நிம்மதியாக இருந்தது. அது ஒன்றையாவது நான் அப்பா சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம்.

இனி நான் சொல்ல வேண்டியது. அம்மா படுத்த அன்று உனக்குப் போன் செய்யத்தான் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவனுக்குச் சொல்லாதே. வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான். எழுந்ததும் நானே பேசிக்கிறேன்” என்றாள். எழுந்துவிடுவாள் என்று நானும் நம்பினேன். நீ கேட்டபோது அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, உன்னைத் திட்டினேன். நான் விட்ட ஓட்டையில் நீ என்ன வார்த்தையைப் போட்டுக்கொண்டாய் என்று உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் தெரிந்தது.

அக்கா

* * *

ஏப்ரல் 8

அக்கா,

அம்மா சொன்னதைப் படித்தேன். எழுந்ததும் நானே பேசிக்கிறேன் என்று சொன்னாளா? அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு வருஷமாக, அக்கா என்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள், அம்மாவும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நீ முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நீ ஒருத்தியே சுமந்திருக்கிறாய். அதற்கும் ஒரு செட் கட்டிக்கொள், உன் பட்டறையில்தான் செய்வார்களே.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் சூம்பி யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. கோலை ஊன்றிக்கொண்டு முதல் வேலையாகக் கீழே இறங்கி லிஃப்ட்டைச் சரி செய்தேன். ஒரு ஃப்யூஸ்தான் போயிருந்தது. கட்டடமே என்னைத் திட்டியது.

ஆல்பத்தில் அந்த நீலச் சதுரங்கள் இருந்த இடம் காலியாக இருக்கிறது. மூலைகளில் கோந்துப் புள்ளி மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. சதுரங்களைப் புத்தகத்தில் சொன்ன மெல்லிய ஒட்டுத்தாளில் மாட்டலாம். ஆனால் அவை உன் கடிதங்களில் போய் உட்கார வேண்டியவை. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். இதற்குமேல் கேட்க மாட்டேன். வரட்டுமா?

கோந்து

* * *

ஏப்ரல் 25

அன்புள்ள கோந்து,

முதலில் உறையைப் பார். தலை ஒட்டியிருக்கிறேன், தபால் ஆபீஸில் வரிசையில் நின்று வாங்கியது. எல்லாப் பற்களும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள். தண்ணீரில் மட்டும் போடாதே.

உள்ளே இருப்பது நீலத்தாள். இப்போதும் விற்கிறார்கள் என்பது எனக்கே ஆச்சரியம். கவுண்டரில் இருந்தவர், “இதுலயே தலை இருக்கும்மா, உறை எதுக்கு?” என்றார். “இதுல ஒரு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு இருப்பது இரண்டு அறை. கீழே சலவைக்கடை, நாள் முழுக்க நீராவி ஏறும். முன்னறையில் பிளாஸ்டர் அச்சுகள் காய்ந்துகொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் அலமாரியிலிருந்து ஊரார் பல்லெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். பழகாதவர்களுக்குப் பயமாக இருக்கும். படி குறுகல், உன் காலுக்கு ஆகாது. இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஓட்டை வரும் இடத்தில் சரியாக அந்த வார்த்தை விழும்படி, பென்சிலால் கோடு போட்டு அளந்து எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் பார்க்கும்போது, நீ இங்கே

[            ]

என்பதுதான் என் முடிவு.

வெட்டியது அம்மாவின் தையல் கத்தரிக்கோலால். இன்னும் நன்றாக வெட்டுகிறது. வெட்டிய துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன்.

பல்வெட்டி

* * *

மே 10

அக்கா,

தாளைத் தூக்கி ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்தேன். எதிரே வெல்டர் நின்றிருந்தான்.

“என்னண்ணே, அக்கா என்ன எழுதியிருக்காங்க?”

“வான்னு எழுதியிருக்கா.”

அவன் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். “எங்கண்ணே? இங்க ஓட்டைதானே இருக்கு?”

“அங்கதான்டா எழுதியிருக்கு” என்றேன். மாவுக்கட்டோடு மூளைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தான். ஆனால் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை புறப்படுகிறேன். நீலச் சதுரங்களைப் பழைய துணிக்குள், அந்தத் துணியைத் ‘தொடக்க நிலையினருக்கு’ப் புத்தகத்துக்குள் வைத்து, சட்டைக்குள் கொண்டு வருகிறேன். மைபோன அந்தக் கப்பலையும்தான். உன் பற்களிடம் நான் வருவதாகச் சொல்லி வை.

துண்டை எடுத்து மேசைமேல் வை. வந்ததும் திருப்பிப் பார்க்கிறேன். ‘வராதே’ என்று இருந்தால், அம்மா படித்த மாதிரி படித்துக்கொள்கிறேன்.

கோந்து